பத்து நாடு, பத்துப் பெண்கள்: கடலூரில் உட்கார்ந்துகொண்டு எழுதலாமா?

#1 கெடிலக்கரை

எல்லாருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். கொஞ்ச நாளாக ஒரு சிறுகதைத் தொகுப்பு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து நாடுகள், நாட்டுக்கு ஒரு பெண், அவள் படும் பாடு. ஆப்கானிஸ்தானில் படிப்பு நிறுத்தப்பட்ட சிறுமி, நேபாளத்தில் மாதவிலக்கு நாட்களில் மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பப்படுகிறவள், டாக்கா பக்கத்தில் இடிந்து விழுந்த ராணா பிளாசாவில் தைத்துக்கொண்டிருந்தவள், குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன நம்மூர்ப் பெண், இப்படி.

நான் பாஸ்போர்ட்டே எடுக்காதவன். படித்ததையும் செய்தியில் பார்த்ததையும் வைத்து எழுதலாமா? முதல் கதையின் தொடக்கம் கீழே. தயங்காமல் சொல்லுங்கள்.

"ஜன்னல் ஓரத்தில் அவள் நின்றாள். வானத்தில் ஒரு பறவை போயிற்று. அந்தப் பறவைக்கு இருக்கும் சுதந்திரம்கூடத் தனக்கு இல்லையே என்று நினைத்தபோது அவள் கண்கள் கலங்கின. மேசை மேல் அவளுடைய பழைய புத்தகங்கள் மௌனமாக அழுதன."

#2 கரைவலை

கடலூர் ஓ.டி.யில் (முதுநகர்) இருந்து எழுதுகிறேன். சார், புத்தகத்தை அழ விடாதீர்கள். அவள் அழுவது போதாதென்று மேசைக்கும் அழுகையா?

இந்தப் பெண் காலையில் எழுந்து என்ன செய்கிறாள் என்று உங்கள் நாலு வரியில் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை, சரி. அப்புறம்? நாள் முழுக்க ஜன்னலில் நிற்க எந்த வீட்டிலும் விட மாட்டார்கள். ரொட்டி சுட வேண்டும், தம்பியைக் குளிப்பாட்ட வேண்டும், கார்ப்பெட் நெய்கிற வீடாக இருந்தால் தறியில் உட்கார வேண்டும். 2021-ல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளை விடவில்லை. அடுத்த வருஷம் டிசம்பரில் பல்கலைக்கழகமும் போச்சு. 2023-ல் பெண்கள் நடத்திய அழகு நிலையங்களை மூடச் சொன்னார்கள். எனக்குக் கதை அந்த அழகு நிலையத்தில்தான் தெரிகிறது. கடையை மூடியாச்சு, ஆனால் கல்யாணம் நிற்கவில்லையே. கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்ய யாராவது போயாக வேண்டும். சாமானை எதில் மறைத்து எடுத்துப் போவாள், கூலியை யாரிடம் வாங்குவாள், அக்கம்பக்கத்தில் யாருக்குத் தெரியும்? இதை யோசித்தால் பறவை தேவைப்படாது.

#3 புதுவை வாசகன்

கரைவலை அம்மா சொன்னது சரி. நான் வேறு ஒரு சந்தேகம் கேட்கிறேன் தம்பி. உங்கள் பட்டியலில் ஐரோப்பாவே இல்லையே. அங்கே பெண்கள் சுகமாகவே பிறந்து சுகமாகவே செத்தார்களா?

எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். சைகோனில் இருந்தவர், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கியவர். வீட்டில் பிரான்ஸ் என்றால் கோயில் மாதிரி. அந்தப் பிரான்ஸில் பெண்ணுக்கு ஓட்டு கிடைத்தது 1944-ல். முதல் தடவை போட்டது 1945-ல். புருஷன் சம்மதம் இல்லாமல் கல்யாணமான பெண் வேலைக்குப் போகலாம், தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கலாம் என்று சட்டம் வந்தது 1965-ல். ஸ்விட்சர்லாந்தில் தேசத் தேர்தலில் ஓட்டே 1971-ல்தான். அங்கே ஒரு மாகாணத்தில் உள்ளூர் ஓட்டுக்கு 1990-ல் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அயர்லாந்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சலவைக் கூடங்களில் 'கெட்டுப்போனவள்' என்று பெயர் வைத்துப் பெண்களை அடைத்து வேலை வாங்கினார்கள். கடைசிக் கூடம் மூடியது 1996-ல்.

நாடு நாடாகப் போனால் கடைசியில் ஒரு அட்லஸ் வரும், கதை வராது. அதுவும் ஏழை நாடுகளாகப் பொறுக்கினால் வாசகன் 'நல்லவேளை நாம இங்க பொறந்தோம்' என்று மூடி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவான்.

#4 கெடிலக்கரை

இருவருக்கும் நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். வாசகன் மனம் கலங்க வேண்டும் என்றால் அந்தப் பெண்ணின் துயரத்தைக் காட்டித்தானே ஆகணும்? அவள் ரொட்டி சுடுவதைக் காட்டினால் யார் கலங்குவார்கள்?

போகாத ஊரைப் பற்றி எழுதியவர்கள் நம்மிடம் இல்லையா? பாரதியார் பிஜிக்கா போனார்? அங்கே கரும்புத் தோட்டத்துப் பெண்கள் படும் பாட்டைப் பாடவில்லையா?

#5 கரைவலை

பாட்டு வேறு சார். பாட்டில் குரல் போதும். கதைக்கு விடிந்து பொழுது போகிற வரை ஒரு நாள் வேண்டும்.

நீங்களே சொன்ன ராணா பிளாசாவை எடுங்கள். 2013 ஏப்ரல் 24. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள், முக்கால்வாசிப் பேர் தையல் வேலைக்காரர்கள். முதல் நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. கீழே இருந்த வங்கி தன் ஆட்களை வர வேண்டாம் என்றது. மேல்மாடியில் தைக்கிறவர்களை மட்டும் வரச் சொன்னார்கள், வராவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்றார்கள். மாதக் கடைசி. விரிசலை நேற்றே பார்த்தவள் மறுநாள் காலையில் அந்தப் படியில் ஏறுகிறாள். கட்டடம் விழுவதை நீங்கள் எழுதவே வேண்டாம், வாசகனுக்குத் தெரியும். வாசலில் நின்று வாடகை, மளிகைக் கடன், பிள்ளைக்கு மருந்து என்று மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறாளே, அந்தக் கணக்கை எழுதுங்கள். கண்ணீர் தானாக வரும், இல்லை கோபம் வரும். கோபம் வந்தால் இன்னும் நல்லது.

#6 புதுவை வாசகன்

இதைத்தான் நம் ஊர்க்காரர்கள் எப்போதோ செய்தார்கள். கெடிலக்கரைத் தம்பி, புதுமைப்பித்தன் பிறந்தது உங்கள் திருப்பாதிரிப்புலியூரில்தான், 1906-ல். ஜெயகாந்தன் மஞ்சக்குப்பம், 1934. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-ல் விகடனில் வந்தபோது ஊரே ரெண்டுபட்டது. மழையில் காரில் ஏற்றிப்போன ஒருவனிடம் கெட்டு வீடு திரும்புகிற கல்லூரிப் பெண்ணின் கதை. சண்டை எதற்கு? அந்தப் பெண் அழுததற்கா? அம்மா அவள் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய், வெளியே மூச்சு விடாதே என்று முடித்தாளே, அதற்கு. அம்மா செய்த காரியம்தான் சண்டையைக் கொண்டுவந்தது.

#7 குவைத் ரிட்டர்ன்

உள்ளே வரலாமா? இலக்கியம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. முஷ்ணம் பக்கம் ஊர். குவைத்தில் வீட்டு டிரைவராக இருந்தேன், இப்போது ஊரோடு வந்தாச்சு. சாரின் பட்டியலில் குவைத் இருக்கிறதே என்று பார்த்தேன். அந்தக் கதை என்ன சார், சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

#8 கெடிலக்கரை

சொல்கிறேன். இருபத்து நாலு வயதுப் பெண், சிங்காரத்தோப்பு. 2004 சுனாமியில் அப்பா போய்விட்டார். தங்கச்சி கல்யாணத்துக்காக ஏஜென்ட் மூலம் குவைத் போகிறாள். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அறையில் பூட்டி வைத்து அடிக்கிறான். கடைசியில் மாடியிலிருந்து குதிக்கிறாள்.

#9 குவைத் ரிட்டர்ன்

சார், தப்பாக நினைக்காதீர்கள். அங்கே போன எந்தப் பொம்பளையும் இதைப் படித்தால் முதல் பாராவிலேயே 'இவருக்குத் தெரியாது' என்று சொல்லிவிடும்.

முதலில் வயசு. வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகிற பெண்ணுக்கு முப்பது வயது ஆகியிருக்கணும், இது நம் அரசாங்கத்து விதி. பத்தாவது படிக்காதவர்களுக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது குடியகல்வுச் சோதனை தேவை என்று குறித்தது. அதில் வேலைக்குப் போகணும் என்றால் குடியகல்வுத் துறை அனுமதி வேணும். இருபத்து நாலு வயதில் நேர்வழியில் போக முடியாது. அப்படியானால் ஏஜென்ட் என்ன பண்ணியிருப்பான்? வயசைக் கூட்டியிருப்பான். இல்லை துபாய்க்கு விசிட் விசா என்று ஏற்றி, அங்கிருந்து மாற்றியிருப்பான். ஏர்போர்ட்டில் கேட்டால் 'அக்கா வீட்டுக்குப் போறேன்'னு சொல்லு என்று பாடம் நடத்தி அனுப்புவான். சார், கதை இங்கேயே ஆரம்பித்துவிட்டது பாருங்கள். ஊரை விட்டுக் கிளம்பும்போதே அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளைக்கு அங்கே ஏதாவது ஒன்று ஆனால் எந்தக் கணக்கிலும் அவள் பெயர் இருக்காது. ஏஜென்ட் 'நான் அனுப்பவே இல்லையே' என்று கையை விரிப்பான்.

இரண்டாவது, சட்டம். குவைத்தில் வீட்டுவேலைக்காரர்களுக்குச் சட்டமே இல்லை என்று இங்கே நினைக்கிறார்கள். 2015-ல் வந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த வருஷம் குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்று வைத்தார்கள். இத்தனையும் ஏட்டில் உண்டு. ஆனால் விசா, அக்காமா (அங்கே தங்கும் அனுமதி) எல்லாம் கஃபீல் பெயரில், கஃபீல் என்றால் பொறுப்பேற்று வரவழைத்த முதலாளி. வீட்டை விட்டு அவள் வெளியே வந்தால் 'ஓடிப்போய்விட்டாள்' என்று கஃபீல் கேஸ் கொடுப்பார். சம்பளம் வாங்காமல் ஓடிவந்தவள் மேலேயே குற்றம் விழும். புகார் கொடுக்கவும் அவள் வாசலைத் தாண்டியாகணுமே.

மூணாவது, அடி. அடிக்கிற வீடு உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த நிறையப் பேருக்குப் பிரச்சினை அடி இல்லை, தூக்கம். நோன்பு மாசத்தில் விடியற்காலை வரை விருந்தாளி. எல்லோரும் படுத்த பிறகு பாத்திரம். அப்புறம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பணும். எங்கள் வீட்டில் ஒரு அக்கா இருந்தது, பண்ருட்டிப் பக்கம். இஸ்திரி போடும்போது நின்றபடியே தூங்கும். மேலாடை ஒன்று கருகிவிட்டது. அடிக்கவெல்லாம் இல்லை. 'பரவாயில்லை' என்று மாமா சிரித்தார், மாமா என்றால் அந்த வீட்டம்மா. மாசக் கடைசியில் அதன் விலையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அன்றைக்கும் அழவில்லை. என்னிடம் வந்து, 'தம்பி, இந்தத் துணி நம்மூர்ல எவ்வளவு இருக்கும்?' என்று கேட்டது.

மாடியில் இருந்து குதிக்கிறது, அதுவும் நடந்திருக்கிறது, பேப்பரில் வருகிறது. ஆனால் நூற்றில் பெரும்பாலானவர்கள் குதிப்பதில்லை சார். திரும்பி வந்து, பெட்டியைப் பிரித்து, சொந்தக்காரர்களுக்குச் சோப்பும் சென்டும் கொடுத்து, 'அங்கே எல்லாம் ஏசி' என்று சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்தது அது.

#10 கரைவலை

குவைத் ரிட்டர்ன் அண்ணே, இலக்கியம் தெரியாது என்று இனிமேல் சொல்லாதீர்கள். 'நம்மூர்ல எவ்வளவு இருக்கும்?' ஒன்று போதும்.

#11 புதுவை வாசகன்

இதற்கு நேர் எதிரில் எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டு, அதைத் தம்பி எழுதலாம். 1962-ல் பிரெஞ்சிந்தியா சட்டப்படி கைமாறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்த குடும்பத்து மாப்பிள்ளைக்கு இன்றைக்கும் கல்யாணச் சந்தையில் தனி விலை. பெண்ணிடம் அந்தப் பாஸ்போர்ட் இருந்தால் வரதட்சணையே கேட்க மாட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார்தான் பின்னால் சுற்றுவார்கள். நகை போட்டு அனுப்பிய பெண் பாரிஸ் புறநகரில் ஒரு அடுக்ககத்தில் ஏழாவது மாடியில் உட்கார்ந்திருக்கும். புருஷனோடு சேர்ந்து வாழ்கிறாள் என்று காட்டினால்தான் தங்கும் அட்டையைப் புதுப்பிப்பார்கள். அடி உதை என்றால் விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை அவள் அவர்கள் மொழியில் நிரூபிக்க வேண்டும். குவைத்தில் கஃபீல், பாரிஸில் புருஷன். அட்டை இரண்டு இடத்திலும் இன்னொருவன் கையில்.

வ.வே.சு. ஐயர் புதுச்சேரியில் இருந்த காலத்தில் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' தெரியுமல்லவா? தமிழின் முதல் சிறுகதை என்று பலர் சொல்வது. அதில் ருக்மிணிக்கு என்ன ஆனது, ஏன் ஆனது என்று பாருங்கள். சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி 1906-ல் திவாலாகிறது, வெள்ளைக்காரன் நடத்திய கம்பெனி. அவள் அப்பா பணம் அதில் போகிறது. பணம் போனதும் மாமனார் வீட்டில் முகம் மாறுகிறது. கடைசியில் குளம். பெரிய ஊரில் எவனோ கணக்கைக் கெடுத்ததற்குக் கிராமத்தில் ஒரு சின்னப் பெண் விலை கொடுக்கிறாள். உலகம் வேண்டும், உலகம் வேண்டும் என்கிறீர்களே தம்பி, உலகம் அந்தக் குளத்தங்கரை வரைக்கும் வந்துவிட்டது. நாட்டின் பெயரைப் பிடிக்காதீர்கள். பணம் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியைப் பிடியுங்கள்.

#12 கெடிலக்கரை

ஐயா, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பணம் போகும் வழியைப் பிடித்தால் அது பொருளாதாரக் கட்டுரை ஆகிவிடாதா? கதையில் அதை எப்படிக் காட்டுவது?

#13 முந்திரிக்காட்டுக்காரி

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறேன். 2011 டிசம்பரில் தானே புயல் வந்து எங்கள் தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது. அதற்கப்புறம் அம்மாவுக்குக் கொட்டகையே கதி. சொந்த மரத்துக் கொட்டை போய், ஆப்பிரிக்கக் கொட்டையை உடைத்துத்தான் நாங்கள் படித்தோம். எழுதி வைத்த ஒரு சின்னக் கதையைப் போடுகிறேன். சார் கேட்டதற்குப் பதிலாக இருக்குமா தெரியவில்லை.

கல்

காலையில் ஆளுக்குப் பத்துக் கிலோ அளந்து கொட்டினார் கணக்குப்பிள்ளை. அவித்துக் காயவைத்த கொட்டை. ஐவரி கோஸ்ட் சரக்கு என்று சொல்லிக்கொண்டார்கள். காலி மூட்டைகளைப் பிள்ளைகள் உட்காரப் போட்டிருந்தார்கள். சணல் மேல் பச்சை மையில் ஏதோ எழுத்து.

செல்வி கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாள். கொட்டையை நிமிர்த்திக் கல்லின் மேல் வைத்து, கட்டையால் ஒரு தட்டு. ஓங்கித் தட்டினால் பருப்பு இரண்டாகும், இரண்டானால் கூலி பாதி. மெதுவாகத் தட்டினால் பால் தெறிக்கும். பால் பட்ட இடம் முதலில் சிவக்கும், அப்புறம் கறுக்கும், அப்புறம் தோல் உரியும். அவள் கட்டைவிரலில் ரேகை போய் ரொம்ப நாளாச்சு. ரேஷன் கடை மிஷின் அவளை அடையாளம் கண்டுகொள்வதே இல்லை, மகளைத்தான் அனுப்புவாள்.

பத்து மணிக்குக் கட்டை எகிறியது. முழங்கை வரைக்கும் விண்ணென்று இழுத்தது. கொட்டை இல்லை, கல். கொட்டையோடு சேர்ந்து வெந்து, அதே எண்ணெயைக் குடித்து, அதே நிறத்தில் இருந்தது. முழங்காலுக்குப் பக்கத்தில் ஒதுக்கினாள். சாயங்காலத்துக்குள் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது.

"பருப்பு ரெண்டரைக் கிலோ வரணும். ரெண்டேகால்தான் இருக்கு" என்றார் கணக்குப்பிள்ளை.

"கல்லு கெடந்துச்சி."

"எல்லாருக்கும் அதே மூட்டதான?"

வாசலில் இருந்த கிழவியைக் கூப்பிட்டார். கிழவி செல்வியின் மடியைத் தடவினாள். இடுப்பைச் சுற்றித் தடவினாள். சோற்றுத் தூக்கைத் திறந்து பார்த்தாள். செல்வி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பிறகு போய்க் குவியலை அள்ளிக் கொண்டுவந்து தராசுத் தட்டில் கொட்டினாள். முள் ஒரு கிலோவில் நின்றது.

"கல்லுக்கு நான் என்னம்மா பண்றது? மூட்டையைத் தச்சது நானா?"

"நானா தச்சேன்?"

அவர் நோட்டில் கால் கிலோவைக் கழித்து எழுதினார். நாலு பேர் நோட்டில் அன்றைக்கு அப்படி எழுதியிருந்தது.

மறுநாள் அளந்து கொட்டியதும் செல்வி கட்டையை எடுக்கவில்லை. சாக்கை விரித்து அதில் கொட்டையைப் பரப்பினாள். ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துக் கல்லைப் பொறுக்கினாள். பக்கத்தில் இருந்தவளும் பரப்பினாள். கொட்டகையில் கட்டைச் சத்தமே இல்லை. கணக்குப்பிள்ளை ஓடிவந்தார்.

"என்ன இது? மணி பத்தாகப் போவுது!"

"கிலோவுக்குத்தானே கூலி? நேரத்துக்கா குடுக்குறீங்க?" என்றாள் செல்வி, தலையைத் தூக்காமல்.

#14 கரைவலை

அக்கா, ரேஷன் கடை மிஷின்! எங்கள் தெருவில் மீன் வெட்டுகிறவர்களுக்கும் அதே கதைதான். இதை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை.

ஒரே ஒரு குறை. 'தலையைத் தூக்காமல்' என்பது கொஞ்சம் சினிமா. வசனத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

#15 குவைத் ரிட்டர்ன்

தூக்காமல் சொன்னால்தான் சரி. முதலாளி முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியுமா? மறுநாள் வேலை இருக்காது.

#16 கெடிலக்கரை

அருமையான கதை அம்மா. ஆனால் என் கேள்விக்கு வருகிறேன். இது பண்ருட்டிப் பெண்ணின் கதை. உலகப் பெண்களின் கதை எங்கே இருக்கிறது? அந்தக் கல்லை மூட்டையில் போட்ட ஆப்பிரிக்கப் பெண்ணையும் கொண்டுவந்தால் என்ன? அங்கே விலை விழுந்திருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், எடை காட்டுவதற்காகக் கல்லைப் போடுகிறாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒருவருக்கு ஒருவர் கஷ்டம் கொடுக்கிறார்கள். இரண்டு பகுதியாக எழுதினால் பிரமாதமாக வரும்.

#17 புதுவை வாசகன்

கெடிலக்கரைத் தம்பி இந்தத் தடவை நல்ல இடத்தைப் பிடித்துவிட்டார். எனக்கும் அந்த ஆசை வந்தது. அந்தச் சாக்கில் இருந்தது பிரெஞ்சு எழுத்து. எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் படித்துச் சொல்லிவிடுவார்கள். முந்திரியே பிரேசிலில் இருந்து போர்த்துக்கீசியன் கப்பலில் வந்ததுதானே. ஒரு கொட்டைக்குள் இத்தனை நாடு இருக்கிறது.

#18 முந்திரிக்காட்டுக்காரி

சார், ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் அந்தப் பகுதியை நான் எழுத மாட்டேன்.

கல்லைப் போட்டது அவள்தான் என்று யார் சொன்னது? மரத்தடியில் பொறுக்குகிறவளுக்கும் எங்கள் கொட்டகைக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊர் ஊராகப் போய் வாங்குகிற தரகன், அவனிடம் வாங்குகிற பெரிய வியாபாரி, துறைமுகத்தில் கிடங்கு, கப்பல், தூத்துக்குடியில் இறக்குகிற இடம், பண்ருட்டியில் மொத்த வியாபாரி. அங்கே சீசனுக்கு இவ்வளவுதான் விலை என்று அரசாங்கம் அறிவிக்கிறது. தரகன் அதற்குக் கீழேதான் வாங்குகிறான் என்று அடிக்கடி சொல்கிறார்கள். கல்லை யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். எங்கள் கணக்குப்பிள்ளை எப்படி விசாரிக்காமல் எங்கம்மா மடியைத் தடவச் சொன்னாரோ, அதையே நான் கதையில் அந்தப் பெண்ணுக்குச் செய்ய வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று பார்த்துத்தான் வாங்குகிறவர்கள் விலை பேசுவார்கள். 47 வந்தால் ஒரு விலை, 50 வந்தால் ஒரு விலை. அதாவது கல்லும் சொத்தையும் இருக்கும் என்று தெரிந்து, அதற்கு முதலிலேயே விலையைக் குறைத்துத்தான் வாங்குகிறார்கள். கல்லுக்கு உண்டான கழிவை முதலாளி அங்கேயே வாங்கிக்கொண்டார். இங்கே திரும்பவும் எங்கம்மாவிடம் கழித்தார். நான் கதையில் போடாமல் விட்டது இது ஒன்றுதான், எப்படிப் போடுவது என்று தெரியாததால்.

#19 கரைவலை

அய்யோ அக்கா, இதுதானே கதை! ஒரே கல்லுக்கு இரண்டு தடவை கழிவு.

#20 புதுவை வாசகன்

கணக்குப்பிள்ளை ஃபோனில் முதலாளியோடு பேசும்போது ஒரு வரி போதும். 'ஆமாங்க, நாப்பத்தேழுக்குத்தான் முடிச்சோம், கல்லெல்லாம் கழிச்சுதான்.' செல்வி காதில் விழட்டும். விளக்கம் வேண்டாம். புரிகிறவனுக்குப் புரியும்.

#21 குவைத் ரிட்டர்ன்

எனக்கு முதல் தடவையிலேயே புரியாது ஐயா. நாற்பத்தேழு என்றால் ரூபாயா கிலோவா என்று முழிப்பேன். 'பவுண்டு' என்றாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆப்பிரிக்கப் பெண்ணைப் பற்றி எழுதவே கூடாது என்று அந்தம்மா சொல்கிறதா, இல்லை திருடியாக எழுதக் கூடாது என்கிறதா? குவைத்தில் எனக்குத் தெரிந்த கினி-பிசாவ்காரன் ஒருத்தன் இருந்தான், அதுவும் ஆப்பிரிக்க நாடுதான். அவன் ஊரில் கொட்டையைக் கொடுத்து அரிசி வாங்குவார்களாம், பணமே கைக்கு வராதாம். கொட்டை ஆம்பளைக்கு. பழத்தைப் பிழிந்து சாராயம் மாதிரி ஒன்று பண்ணுவார்கள், அந்தக் காசு மட்டும் அவன் அம்மாவுக்கு என்று சொன்னான். இங்கே நாம் பழத்தைக் கீழே போட்டு மாட்டுக்கு விடுகிறோம்.

#22 முந்திரிக்காட்டுக்காரி

திருடியாக எழுதக் கூடாது என்கிறேன் அண்ணே. நீங்கள் சொன்ன அந்த அம்மாவை எழுதலாம், பழத்தைப் பிழிகிற அம்மா. எனக்கு அந்த வாசனை தெரியும், தொண்டையைக் காறுவதும் தெரியும். ஆம்பளை கொட்டையை விற்றுவிட்டு அரிசியோடு வருகிறான், இவள் தன் சாராயக் காசை எங்கே ஒளித்து வைக்கிறாள் என்று ஆரம்பித்தால் எழுதிவிடுவேன் என்று தோன்றுகிறது. அது வேறு கதை. கல்லோடு சேர்க்க மாட்டேன்.

#23 கெடிலக்கரை

பத்து நாட்டுத் திட்டத்தைத் தற்சமயம் ஓரமாக வைக்கிறேன். ஆனால் வெளிநாட்டுப் பெண்ணை எழுதவே கூடாது என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ளவில்லை, முந்திரிக்காட்டுக்காரி அம்மாவே இப்போது எழுதலாம் என்கிறார். ராணா பிளாசாவையும் குவைத்தையும் எழுதத்தான் போகிறேன். குவைத் கதைக்குப் புதுத் தொடக்கம், குவைத் ரிட்டர்ன் அண்ணன் கவனத்துக்கு:

"'யார் வீட்டுக்குப் போறேன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?' என்றான் ஏஜென்ட்.

'அக்கா வீட்டுக்கு.'

'அக்கா பேரு?'

அவளுக்கு அக்கா இல்லை. தங்கச்சி பேரைச் சொன்னாள்.

'வயசு?'

'முப்பத்தொண்ணு.'

'அக்காவுக்கு?'

அவள் யோசித்தாள். 'முப்பத்தி... மூணு.'

'யோசிக்காம சொல்லணும்' என்று அவன் பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடுத்தான்."

#24 குவைத் ரிட்டர்ன்

நல்லா வந்திருக்கு சார். தங்கச்சி பேரைச் சொல்கிற இடம் அப்படியே இருக்கட்டும்.

ஒரே ஒரு திருத்தம். பாஸ்போர்ட்டை அவ்வளவு சீக்கிரம் கையில் கொடுக்க மாட்டான். பாக்கிப் பணம் வருகிற வரை அவன் பையில்தான் இருக்கும். ஏர்போர்ட் வாசலில், உள்ளே போகும்போதுதான் கைக்கு வரும். அங்கே போய்க் கஃபீல் வாங்கி வைப்பது இரண்டாவது தடவை.

#25 கரைவலை

அப்படியானால் இந்தப் பேச்சை வீட்டில் வைக்காமல் வேனில் வையுங்கள் சார், மீனம்பாக்கம் போகிற வழியில். அம்மாவும் கூட உட்கார்ந்திருக்கட்டும். வயசை மகள் பொய்யாகச் சொல்வதை அம்மா கேட்க வேண்டும், பெற்றவளுக்குத் தெரியாத வயசா?

#26 கெடிலக்கரை

வேன் சரி. ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுசாகப் போடுகிறேன். அண்ணே, விசிட் விசாவில் போகிறவர்கள் பெட்டியில் என்னென்ன எடுத்துப் போவார்கள் என்று ஒரு பட்டியல் கிடைக்குமா?

#27 குவைத் ரிட்டர்ன்

ஊறுகாய், வத்தல், தைலம், ரெண்டு நைட்டி, சாமி படம். கருவாடு எடுத்துப் போகாதே என்று ஏஜென்ட் சொல்லுவான், எல்லாரும் எடுத்துப் போவார்கள். மிச்சத்தை ஃபோனில் சொல்கிறேன், தனிச்செய்தியில் நம்பர் அனுப்புங்கள்.